கலகெதர ஏற்றத்தில் நிற்கும் லொறி

1.

இந்தக் கதை என் மச்சானின் லொறியிலிருந்து பிறந்தது. பிறந்தது என்பது பெரிய வார்த்தை. இருபத்தெட்டு வருடமாக நெஞ்சில் கிடந்து உறுத்துகிறது, அவ்வளவுதான்.

(மச்சான்: என் அக்கா நல்லம்மாவின் புருஷன் பழனியாண்டி. தோட்டத்து டிரைவர் வேலையை விட்டுவிட்டு, ஆர்மி கழித்து ஏலத்தில் விட்ட டீசல் லொறி ஒன்றை வாங்கியவர். மரக்கறி ஏற்றித் தன் காலில் நிற்கலாம் என்று கனவு கண்டார்.)

முதலில் எழுதிய தொடக்கம்: "மலைமுகடுகள் பனிப்போர்வை போர்த்தி..."

பனியாவது மண்ணாவது. அன்று மண்டையைப் பிளக்கும் வெயில்.

2.

குருநாகலில் மரக்கறி இறக்கிவிட்டுத் திரும்பும்போது, கலகெதர தாண்டிய ஏற்றத்தில் என்ஜின் முனகி நின்றது. நானும் கூட இருந்தேன். சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும். சொல்லியனுப்பி, கம்பளையிலிருந்து மெக்கானிக் ஜவாஹிர் நானா வந்தார். முஸ்லிம் அண்ணன்மார் எங்களுக்கு நானாதான்.

"பள்ளத்துல உருட்டி ஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?"

"இல்ல நானா," என்றார் மச்சான்.

"நல்லம். உள்ளுக்குத் தண்ணி ஏறி ஈந்தா ராடு வளைஞ்சிரும்."

ஹெட்லைட்டைப் போட்டுப் பார்த்தார். பேட்டரி நன்றாக இருந்தது. என்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நொசில்களைக் கழற்றினார். தண்ணீர் இல்லை. என்ஜினைக் கையால் சுழற்ற, முன்பக்கம் பெரிய ஸ்பேனரை மாட்டி மூவரும் தொங்கினோம். என்ஜின் அசையவில்லை. அடியில் ஒயில் தேங்கும் சம்பைத் திறந்தார். சொட்டு ஒயிலும், அதில் மினுங்கும் உலோகத் தூளும்.

"ஒயில் பைப்பு வெடிச்சு ஈக்கி. ஒயில் இல்லாமலே ஓட்டி ஈக்கிறீங்க. பேரிங் உருகி கிரேங்கப் புடிச்சிட்டு. ஒயில் கொறஞ்சா டாஷ்போர்டுல சிவப்பு லைட்டு எரிஞ்சீக்குமே, பாக்கல்லியா?"

"எரியலயே நானா..." என்றார் மச்சான். லொறிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, "எரிஞ்சிச்சோ என்னமோ. நாந்தான் கவனிக்கலயோ."

3.

இந்த இடத்தில் எனக்கு ஒரு குற்றவாளி வேண்டும். தேடிப் பார்த்தேன்.

"ஜவாஹிர் முந்தின வாரம் அந்தப் பைப்பைச் சரியாக இறுக்காமல்..." எழுதினேன்; அடித்துவிட்டேன். அந்த மனுஷன் அதற்கு முன் அந்த லொறியைத் தொட்டதே இல்லை.

லொறியை ஏலத்தில் விட்ட ஆர்மிக்காரனைக் குற்றவாளியாக்கலாம். உடனே நம்புவீர்கள். அதனால்தான் கூச்சமாக இருக்கிறது.

மிஞ்சியது பழனியாண்டி. ஊரும் அப்படித்தான் சொன்னது. அக்காவும் சொன்னாள். அதற்குப் பிறகு மச்சான் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. கம்பளையில் ஒரு கடையில் மூட்டை தூக்கினார். "ஒரு லைட்டப் பாக்கத் தெரியாதவனுக்கு எதுக்கு மாப்ள லொறி?" என்பார்.

4.

ஆர்மிப் பச்சையோடு லொறி ஓட்டக் கூடாது. யுத்தம் நடந்த தொண்ணூற்றாறில், எங்கள் தமிழ்ப் பேரை வைத்துக்கொண்டு, செக் பொயின்ட்டில் ஒரு பொட்டுப் பச்சை தெரிந்தாலும் போதும். ஏலத்திலிருந்து கட்டி இழுத்து வந்த லொறிக்கு நீலப் பெயின்ட் அடித்தவன் நான். பயத்தில் சந்து பொந்தெல்லாம் அடித்தேன். டாஷ்போர்டிலும் அடித்தேன். அங்கே சின்ன வட்டமாக ஏதோ இருந்தது. ஆணித் தலை என்று நினைத்து, இரண்டு தரம் பூசினேன்.

லொறி நின்ற அன்று ஜவாஹிர் நானா அதை நகத்தால் சுரண்டினார். சிவப்புக் கண்ணாடி தெரிந்தது. மச்சான் லொறிக்கு அடியில் படுத்திருந்தார். நானா என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார்.

"நீங்களே சொல்லுங்க தம்பி. நான் சொல்றது சரியில்ல," என்றார் மெதுவாக.

சரி என்றேன். சொல்லவில்லை. கோழை.

5.

முடிவுகள்:

அ) அன்றைக்கே சொன்னேன். மச்சான் ஓர் அறை விட்டார். பிறகு ஒன்றாகச் சாப்பிட்டோம். (பொய்.)

ஆ) ஜவாஹிர் நானா சொல்லிவிட்டார். (அவர் வாயைத் திறக்காமலே மௌத்தாகி, மண்ணுக்குள் போய்விட்டார்.)

இ) மச்சானுக்கு இப்போது கண் மங்கிவிட்டது. நான் எழுதுவதை ஞாயிற்றுக்கிழமைகளில் வாசித்துக் காட்டுவேன். இன்று மூன்றாம் பகுதி வரை வாசித்தேன். அதோடு தாளை மடித்துவிட்டேன்.

"அப்ப எம்மேலதான் பிழைன்னு எழுதிட்டியா மாப்ள?" என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை. "பரவாயில்ல, எழுது. உண்மைதான." பிறகு கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, "மிச்சத்தையும் வாசி," என்றார்.

நான்காம் பகுதியை நீங்கள் வாசித்துவிட்டீர்கள். அவர் காத்துக்கொண்டிருக்கிறார்.