ஓரத்து வரிசை

“கத்தரியைக் கொடு” என்றாள் ஹம்தா அத்தை. “கை மடங்கமாட்டேங்குது. உடுப்பை வெட்டித்தான் எடுக்கணும்.”

கத்தரி ஸப்ஹாவின் கையில் இருந்தது. அவள் கொடுக்கவில்லை.

“வெட்ட வேணாம் அத்தை. கழட்டிடலாம்.”

“ஆம்பளைங்க குழி வெட்டப் போயாச்சு. லுஹர் தொழுகைக்கு முன்னாடி எடுக்கணும்.”

“கழட்டிடலாம்.”

அத்தை நஸ்ராவைப் பார்த்தாள். நஸ்ரா மாமியாரின் தலையைத் தாங்கிப் பிடித்தாள். ஸப்ஹா வெந்நீரில் கையை நனைத்து அம்மா ஃபித்தாவின் தோளைத் தேய்த்தாள். தோள், முழங்கை, மணிக்கட்டு. வெகுநேரம் ஆனது. கடைசியில் கை கொஞ்சம் இளகியது.

“உயிரோட இருக்கறப்பவும் இப்படித்தான்” என்றாள் அத்தை. “வான்னா வரமாட்டா. போன்னா போகமாட்டா.”

உடுப்பு முழுசாக வந்தது. நஸ்ரா அதை மடித்துப் பெட்டியின் மேல் வைத்தாள். கறுப்புத் துணி. மார்பிலும் கைகளிலும் கீழ் ஓரம் முழுக்கவும் நீல நூல் வேலை. வியாழக்கிழமைதான் அம்மா அதைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். கடைசி மூன்று நாளும் அவள் விரல்கள் அதன் கீழ் ஓரத்திலேயே இருந்தன. நோயாளிகள் எதையாவது பிடித்துக்கொண்டுதான் கிடப்பார்கள் என்று ஸப்ஹா நினைத்துக்கொண்டாள்.

இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரை நஸ்ரா ஊற்றினாள். போர்வைக்கு அடியில் கை விட்டு ஸப்ஹா கழுவினாள். அத்தை கூந்தலை மூன்றாகப் பிரித்துப் பின்னினாள்.

“என் தம்பி போனப்ப இவளுக்கு முப்பத்தி நாலு வயசு” என்றாள். “நல்லா மூக்கும் முழியுமா இருப்பா. எத்தனை பேரு கண்ணு வச்சாங்க. ஒரு இழை, ஒரே ஒரு இழை சிவப்பு இவ உடம்புல ஏறலை. இருபத்தி நாலு வருஷம். கேக்குதா நஸ்ரா?”

“கேக்குது அத்தை.”

“அந்த உடுப்பு இனி உனக்கு. மூணாம் நாள் துவைச்சுப் போட்டுக்க. இந்த வீட்டு மருமக கழட்டினதை இந்த வீட்டு மருமகதான் போடணும்.”

நஸ்ராவுக்கு இருபத்தைந்து வயது. ஸப்ஹாவின் தம்பி ஸ்வைலிம் போன வருடம் அரீஷ் சாலையில் லாரி கவிழ்ந்து இறந்தான். அவன் இறந்த மறுநாளே அத்தை நஸ்ராவின் சிவப்பு உடுப்புகளை வாங்கிப் பெட்டியில் பூட்டிவிட்டாள். இப்போது அவள் போட்டிருந்தது சந்தையில் வாங்கியது. மார்பில் மட்டும் கொஞ்சம் நீலம், அதுவும் மெஷின் தையல்.

நஸ்ரா தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள். குவளை ஒருமுறை கூடச் சிந்தவில்லை.

இப்போது சொல்லிவிடலாம் என்று ஸப்ஹாவுக்குத் தோன்றியது. அறையில் மூன்று பேர்தான் இருந்தார்கள். அம்மாவைச் சேர்த்தால் நான்கு.

“கற்பூரம் எங்கே அத்தை?” என்றாள் ஸப்ஹா.

*

அந்தப் பாலைவனத்து உடுப்புகளில் கல்யாணமானவளுக்குச் சிவப்பு நூல். கன்னிக்கும் கைம்பெண்ணுக்கும் நீலம். கைம்பெண் ஒருத்தி நீலத்துக்கு நடுவே சிவப்பு ஓட்டினால், அவள் வாய்திறந்து யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. மறுமணத்துக்குச் சம்மதம் என்று பார்க்கிறவர்கள் தெரிந்துகொள்வார்கள்.

அப்பா இறந்து இரண்டு வருடம் கழித்து அம்மா அந்த உடுப்பைத் தைத்தாள். கீழ் ஓரத்தில், நீலத்துக்கு நடுவே, ஒரு விரற்கடை அகலத்தில் ஒரே ஒரு வரிசை சிவப்பு. ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் வண்டி வரும். அன்றுதான் அதை முதல்முறை போட்டுக்கொண்டு போய்க் குழாயைப் பிடித்தாள். வண்டிக்காரர் முஸல்லம். மனைவியை இழந்தவர். அவர் ஓரத்தைப் பார்த்தார். உடனே தலையைக் குனிந்துகொண்டார். தொட்டி நிறைந்து வழிந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

அப்போது ஸப்ஹாவுக்குப் பதினேழு வயது. அடுத்த மாதம் நிச்சயம். பேரீச்சந்தோப்பில் அவள் தோழி, எல்லோருக்கும் கேட்கும்படி, “உங்கம்மா உடுப்பு ஓரத்துல தீப்பிடிச்சிருச்சாமே, யாரு வந்து அணைக்கப்போறா?” என்றாள். பெண்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அக்காவும் அங்கே இருந்தாள். அவளும் சிரித்தாள்.

அந்த வாரம் அம்மா தன் தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று அரீஷுக்குப் போனாள். உடுப்பு பெட்டியில் இருந்தது. ஸப்ஹா ஊசிமுனையால் சிவப்பு நூலைப் பிரித்தெடுத்தாள். இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் அதே துளைகளில் நீலத்தை ஓட்டினாள். அவசரத்தில் குறுக்குத் தையலை மாற்றிப் போட்டுவிட்டாள். அம்மாவின் தையலில் மேலே வரும் இழை வலப்பக்கம் சாயும். இவளுடையது இடப்பக்கம் சாய்ந்தது. பாதியில்தான் தெரிந்தது. திரும்பப் பிரிக்க நேரமில்லை. பிரித்த சிவப்பு நூலை ரொட்டி சுடும் குழியில் போட்டு நெருப்பு வைத்தாள்.

சாயங்காலம் அம்மா வந்தாள். மாவைப் பிசைந்துகொண்டு குழியருகே உட்கார்ந்தாள். ரொட்டியைப் புதைக்கச் சாம்பலைக் கிளறினாள். கோல் நின்றது.

அம்மா குனிந்து எதையோ எடுத்தாள். இரண்டு விரல் நீளம், ஒரு முனை கருகிய சிவப்பு நூல். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எழுந்து உள்ளே போனாள். பெட்டி திறக்கும் சத்தமும் மூடும் சத்தமும் கேட்டன. திரும்பி வந்து நூலைச் சாம்பலிலேயே போட்டாள். மாவைத் தட்டி அதன் மேல் வைத்து மூடினாள்.

வெந்ததும் சாம்பலைத் தட்டி, முதல் துண்டைப் பிய்த்து ஸப்ஹாவிடம் நீட்டினாள்.

“சாப்பிடு. சூடா இருக்கு.”

ஸப்ஹா சாப்பிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டி வந்தபோது அம்மா சொன்னாள். “நீ போய்க் குழாயைப் பிடி.”

அம்மா அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். முஸல்லம் ஸப்ஹாவைத் தாண்டி வாசலைப் பார்த்தார். ஓரம் முழுக்க நீலம். தொட்டி நிறைந்ததும் குழாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். அந்தக் குளிர்காலத்தில் ரஃபாவில் ஒரு பெண்ணைக் கட்டினார் என்று கேள்விப்பட்டார்கள். ஓரம் நீலமாக இருந்ததைப் பார்த்து ஊரும் அந்தப் பேச்சைப் பொய் என்று விட்டது. ஸப்ஹாவின் கல்யாணம் குறித்த நாளில் நடந்தது.

அம்மா ஒருமுறையாவது திட்டியிருக்கலாம்.

*

ஆண்கள் அடக்கம் முடித்துத் திரும்பினார்கள். வெளியே ஆட்டுமயிர்க் கூடாரத்தில் உட்கார்ந்தார்கள். கசப்புக் காப்பி போனது. பெண்கள் வீட்டுக்குள் சுவரோரம் உட்கார்ந்து அம்மாவைப் பற்றிப் பேசினார்கள். எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு பிக்கப் வந்து நின்றது. ஊன்றுகோலோடு ஒரு கிழவர் இறங்கினார். கூடாரத்தில் காப்பி குடித்தார். அதன்பின் வீட்டுப் பக்கம் வந்து, வாசலுக்குப் பக்கவாட்டில் திரும்பி, தரையைப் பார்த்து நின்றார்.

“வீட்டுல இருக்கறவங்களுக்கு ஸலாம்.”

ஸப்ஹா திரைக்குப் பின்னால் எழுந்து நின்றாள். “வஅலைக்கும் ஸலாம். யாரு?”

“முஸல்லம். தண்ணி வண்டி முஸல்லம்.”

“அட, இந்த மனுசன் இன்னும் இருக்கானா” என்றாள் உள்ளே ஒருத்தி, தணிந்த குரலில். “எங்க தொட்டியைப் பாதிதான் நிரப்புவான். கேட்டா ஒட்டகம் குடிச்சிருச்சும்பான்.”

“அல்லாஹ் உங்களுக்குப் பொறுமையைக் கொடுக்கட்டும்” என்றார் முஸல்லம்.

“உங்களுக்கு ஆயுசைக் கொடுக்கட்டும்.”

“நீ மகதானே. ஸப்ஹா.”

“ஆமா மாமா.”

“குழாய் நீதான் பிடிப்ப. ஒரு சொட்டு சிந்தாது.”

ஸப்ஹா திரையருகே இன்னும் நெருங்கினாள்.

“அதுக்கு முன்னாடி உங்கம்மா பிடிப்பாங்க.”

“ஆமா.”

“அவங்க பிடிச்சா சிந்தும்” என்றார். கோலை இன்னொரு கைக்கு மாற்றினார். “ரொம்பச் சிந்தும்.”

திரைத்துணியை ஸப்ஹா பிடித்திருந்தாள். அவர் இன்னும் ஏதோ சொல்வார் என்று நினைத்தாள். வண்டியின் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

*

மூன்றாம் நாள் காலை அத்தை உடுப்பை எடுத்து வெயிலில் விரித்தாள். வந்திருந்த பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். அத்தை முதலில் தையலின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். எந்த வேலையையும் அவள் அப்படித்தான் பார்ப்பாள்.

“ஒரு முடிச்சு தெரியுதா பாருங்க. இதுதான் கை.”

விரல் மார்பிலிருந்து கீழே இறங்கியது. ஓரத்துக்கு வந்தது. நின்றது.

“இது ஃபித்தா கையில்லை.”

பெண்கள் குனிந்தார்கள்.

“அவ குறுக்கு வலப்பக்கம் சாயும். இந்த ஒரு வரிசை மட்டும் இடப்பக்கம் சாயுது. யாரு போட்டது இது?”

ஸப்ஹா கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“நான்” என்றாள்.

“நீயா? எப்ப?”

“பதினேழு வயசுல.”

அத்தை அவளைப் பார்த்தாள். ஸப்ஹா கையைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தாள். இனிக் கேட்பாள். ஏன் ஒரு வரிசை மட்டும், அதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது என்று கேட்பாள். கேட்டால் சொல்லிவிடுவது என்று இருந்தாள்.

அத்தையின் கண்கள் நிறைந்தன.

“பாருங்கடி” என்றாள். “கல்யாணம் கூடியிருக்கற பொண்ணு. தனக்குச் சிவப்பு தைக்கற வயசு. அதை வச்சுட்டு, தாயி உடுப்புல உக்காந்து நீலம் போட்டுக் கொடுத்திருக்கு.”

“என் வயித்துல பொறந்ததுங்க நூலைக் கொடுத்தா ஆட்டைக் கட்டும்” என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

ஸப்ஹா தலையைக் குனிந்தாள். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். கிழவி ஒருத்தி எழுந்து வந்து அவள் உச்சியில் முத்தமிட்டாள். “உங்கம்மா மனசு குளிர்ந்துதான் போயிருப்பா” என்றாள்.

ஸப்ஹா வாய் திறந்தாள். “அல்லாஹ் உங்களுக்கு நல்லது செய்யட்டும்” என்று மட்டும் வந்தது.

கழுவிய கோப்பைகளையே மறுபடி கழுவினாள்.

*

லுஹருக்குப் பிறகு பெண்கள் கலைந்தார்கள். அத்தை உள்ளே சாய்ந்துவிட்டாள். நஸ்ரா முற்றத்தில் வாளியில் தண்ணீர் பிடித்து, சோப்பும் உடுப்புமாக உட்கார்ந்தாள். உடனே நனைக்கவில்லை. மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸப்ஹா ஊசியோடு வந்தாள்.

“கொடு.”

“நான் துவைச்சுக்கறேன் மதினி.”

“துவைக்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு.”

உடுப்பை வாங்கி ஓரத்தைத் தொடைமேல் விரித்தாள். ஊசிமுனையை முதல் குறுக்குக்கு அடியில் விட்டு நெம்பினாள். நூல் பழசு. அறுந்து அறுந்து வந்தது.

“எதுக்குப் பிரிக்கறீங்க?”

“மாத்திப் போட்டுட்டேன்.”

“இத்தனை வருஷம் கழிச்சா?”

ஸப்ஹா அடுத்ததை நெம்பினாள். அதற்கடுத்ததை. ஒரு சாண் நீளம் வெறுமையானது. மற்ற இடமெல்லாம் வெளுத்துப் பழுப்பேறியிருந்தது. அந்த இடத்துத் துணி மட்டும் வாங்கிய அன்றுபோல் கறுப்பாக இருந்தது. ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன.

நஸ்ரா குனிந்தாள். ஒரு துளையில் நகத்தை வைத்துச் சுரண்டினாள். நகத்தில் ஏதோ ஒட்டியது. விரலை வெயிலில் நீட்டிப் பார்த்தாள். தூசி அளவு சிவப்பு.

வாளியில் தண்ணீர் ஆடி அடங்கியது.

“யாரு எடுத்தது?” என்றாள் நஸ்ரா.

“நான்.”

“அவங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

ஸப்ஹா அவள் முகத்தைப் பார்க்காமல் அடுத்த குறுக்கை நெம்பினாள்.

“என்னடி பண்றீங்க வெளிய?” உள்ளேயிருந்து அத்தையின் குரல். “தண்ணி சத்தமே காணோம்?”

ஸப்ஹாவின் கை நின்றது.

“ஊற வைக்கறோம் அத்தை” என்றாள் நஸ்ரா.

கையைத் தன் உடுப்பில் துடைத்தாள். முக்காட்டிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்தாள். ஓரத்தின் மறுமுனையைத் தன் மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்திலிருந்து பிரிக்கத் தொடங்கினாள்.

ரொட்டிக் குழியில் சாம்பல் இன்னும் சூடாகத்தான் இருந்தது. ஸப்ஹா பிரித்த நூலை அங்கே கொண்டுபோகவில்லை. மடியிலேயே சேர்த்து வைத்துக்கொண்டாள்.