புடவைக்கடைக்கு மேலே ஒரு விமானம்

வெள்ளவத்தையில், காலி வீதியில், ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில்தான் நாங்கள் விமானம் தள்ளப் பழகினோம். சிரிக்க வேண்டாம். பயணிகள் விமானம் தன்பாட்டில் பின்னால் போகாது. முன்சக்கரத்தில் நீளக் கம்பியொன்றைக் கொளுவி, பாரமான ட்ராக்டரால் பின்னுக்குத் தள்ள வேண்டும். அதை ஓட்டுவதை இப்போது முதலில் வீ.ஆர். கண்ணாடிக்குள்தான் பழக்குகிறார்கள். கண்ணாடியைப் போட்டால் முன்னால் விமானம் நிற்கும். கழற்றினால் ஒரு மேசை, அதில் பூட்டிய பிளாஸ்டிக் ஸ்டியரிங், கீழே கடையில் பேரம் பேசுகிற சத்தம்.

எங்களுக்கு அது வேடிக்கை. கிருஷ்ணராஜ் அண்ணைக்கு அப்படியில்லை. ஹட்டன் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் குடியிருப்பவர். விமான நிலையத்தில் வருடக்கணக்காகப் பெட்டி ஏற்றி இறக்கி முதுகு போய்விட்டது. இனியும் பாரம் தூக்கினால் படுக்கைதான் என்று களுபோவில ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ட்ராக்டர் ஓட்டத் தேறினால் உட்கார்ந்தபடி உழைக்கலாம். தேறாவிட்டால் மறுபடி பெட்டிதான். கம்பனி அவருக்குக் கொடுத்த கடைசிச் சந்தர்ப்பம் அந்த வெள்ளிக்கிழமை.

அவருக்கு ஓட்டத் தெரியாமல் இல்லை. லீவு நாட்களில் மச்சானின் லொறியைக் கொட்டாஞ்சேனைச் சந்துகளுக்குள் பின்பக்கமாகவே கொண்டுபோய் நிறுத்துகிறவர். ஆனால் கண்ணாடிக்குள் போனால் மட்டும் விமானத்தின் சக்கரம் மஞ்சள் கோட்டை விட்டு ஒரே பக்கமாக விலகும். "படம் கோணலா இருக்குங்க" என்பார். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம் என்று எல்லோரும் சிரித்தோம். பழக்குகிற டிலான் நல்ல பிள்ளைதான், ஆனால் கணினித் திரையை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டான். கோணல் திரையில் தெரியும், காரணம் ஆளைப் பார்த்தால்தானே தெரியும்?

அந்த வெள்ளிக்கிழமை, பரீட்சைக்கு முன் அண்ணையை ஒரு தடவை ஓட்டிப் பார்க்கச் சொன்னான். அடுத்த பயிற்சிக்காக வாங்கில் உட்கார்ந்திருந்த எனக்குப் பார்க்க வேறு ஒன்றும் இல்லாததால் அண்ணையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியைப் போட்டார். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைத் தொட்டார். இடப்பக்கம் திரும்பித் தலையைக் குனிந்து, கையைக் கண்ணில் ஒற்றப் போனார். விரல்கள் கண்ணாடியில் முட்டின. அதே நேரம் 'பீப்' என்றது.

"அண்ணை, கழற்றுங்கோ அதை," என்றேன். "இப்ப என்ன செய்தனீங்கள்?"

"ஒண்ணும் செய்யலியே, தங்கச்சி."

"கும்பிட்டனீங்கள். அதுவும் இந்தப் பக்கம் திரும்பி."

"ஆமா. லொறியில முருகன் படம் அந்தப் பக்கந்தானே இருக்கு. கும்பிடாம எப்படிங்க வண்டி எடுக்கிறது?"

அந்தப் 'பீப்' ஒலிக்கும்போது தலை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதைத்தான் கண்ணாடி நேர் என்று எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் மனிதர் முருகனைப் பார்த்துக் குனிந்திருக்கிறார். மேடை உண்மையிலேயே கோணல்தான். டிலானுக்குச் சிங்களத்தில் சொன்னேன். அவன் தானே கண்ணாடியை மாட்டி, தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஓம், சரிதான்" என்று தலையைச் சொறிந்தான்.

விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். "கண்ணாடி போட முதலே கும்பிட்டிடுங்கோ அண்ணை," என்றேன்.

அவர் அசையவில்லை. "போட முன்ன அங்க என்னங்க இருக்கு? மேசைதானே."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும் என்பது வீட்டிலும் வேலையிலும் தெரிந்த சங்கதி. "உள்ளுக்கு மட்டும் என்ன இருக்கு? அதுவும் வெறும் படந்தானே. பிளேனும் இல்லை, ஆக்களும் இல்லை."

"எனக்கு இருக்காங்க," என்றார். குரல் உயரவில்லை. "ஜன்னலுக்குப் பின்னால அம்புட்டுப் பேரு உக்காந்திருக்காங்க. அவங்கள நெனச்சுத்தான் தொட்டுக் கும்பிடுறேன். அது இல்லாம எனக்குக் கை ஓடாது, தங்கச்சி."

அந்தப் படத்தில் ஜன்னல்கள் வெறும் கறுப்புப் புள்ளிகள். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். எளிதாகத் தேறியும் விட்டேன். ஒரு நாளாவது அவற்றுக்குள் ஆள் இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அவர் சொன்னதை அப்படியே டிலானுக்குச் சொன்னேன். அவன் திரையை விட்டுக் கண்ணை எடுத்து அண்ணையைப் பார்த்தான். பிறகு, 'பீப்' தானாக ஒலிக்காமல் தன் கையால் அழுத்தும்படி எதையோ மாற்றினான். "ஹரி, அய்யே," என்று சிங்களத்தில் 'சரி, அண்ணா' சொன்னவன், தனக்குத் தெரிந்த தமிழில், "கும்பிட்டு முடிச்சு சொல்லுங்க," என்றான்.

பரீட்சை தொடங்கியது. அண்ணை குனிந்தார். ஆறுதலாக, அவசரப்படாமல் கும்பிட்டார். நிமிர்ந்து, "இப்ப," என்றார்.

முதல் தடவையாக நானும் டிலானின் திரையை எட்டிப் பார்த்தேன். சக்கரம் மஞ்சள் கோட்டிலேயே போனது. வளைவிலும் விலகவில்லை. கடற்கரைப் பக்கம் ரயில் போய் மேசை அதிர்ந்தபோதும் அவர் கை ஆடவில்லை. கண்ணாடியைக் கழற்றியவரின் முகமெல்லாம் வேர்வை.

"போச்சா?" என்று கேட்டார்.

"பாஸ், அண்ணை."

வாங்கில் வந்து உட்கார்ந்து மனைவிக்கு ஃபோன் எடுத்தார். "மேனகா, இனிமே பெட்டி தூக்க வேணாமாம்," என்றார். வேர்வையோடு கண்ணையும் துடைத்துக்கொண்டார். எனக்கும் கண் கலங்கியது.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் அவர் முதன்முதலாக உண்மை விமானம் தள்ளிய காலையில், விமானியோடு கதைக்கும் வேலை எனக்கு. காதில் கருவியை மாட்டி, வயரை விமானத்தின் மூக்கடியில் செருகிக்கொண்டு நின்றேன். பிரேக் எடுத்தாயிற்று, தள்ளலாம் என்றார் விமானி. திரும்பிப் பார்த்தேன். கிருஷ்ணராஜ் அண்ணை ஸ்டியரிங்கைத் தொட்டு, இடப்பக்கம் திரும்பிக் குனிந்திருந்தார். அந்த ட்ராக்டரில் முருகன் படம் கிடையாது. இந்தத் தடவை இடையில் கண்ணாடியும் இல்லை, விரல்கள் கண்ணில் பட்டன. மேலே ஜன்னல்களில் முகங்கள் தெரிந்தன.

"கொஞ்சம் பொறுங்கள், கேப்டன்," என்றேன் ஆங்கிலத்தில்.

"ஏதும் பிரச்சினையா?"

"ஒன்றுமில்லை. ஓட்டுநர் உங்கள் பயணிகளை நினைத்துக்கொண்டிருக்கிறார்."