விலகி நின்ற நீலப் புள்ளி

அண்ணனுக்கு ஊசி என்றாலே குலை நடுங்கும். அறுபது பேரை ஏற்றிக்கொண்டு பேருந்து ஓட்டுகிற மனிதன், தங்கை ஆய்வகத்துக்குக் கூப்பிட்டதும் வாசலிலேயே நின்றுகொண்டு, "என் ரத்தத்த வித்து வீடு கட்டப் போறியா?" என்று கேட்டான்.

"நோயே இல்லாத ஆள் ஒருத்தர் குறையுதுண்ணா. நீதான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கியே."

ரத்தம் எடுக்குமுன் விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பது அங்கே வழக்கம். அவன் முகம் போன போக்கைப் பார்த்து, ஒரு குத்தே போதும் என்று அவள் அதை விட்டுவிட்டாள். சொந்த அண்ணன்தானே.

சர்க்கரை நோயாளிகளுக்கு வைரஸ் காய்ச்சல் ஏன் இவ்வளவு மூர்க்கமாக வருகிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. கிருமி நுழைந்ததும் முதலில் கூச்சல் போடவேண்டிய மரபணுக்கள் அவர்கள் உடம்பில் மசமசவென்று விழிக்கும். வீக்கத்தைக் கிளப்பும் மரபணுக்களோ ஆடத் தொடங்கினால் அடங்காது. ரத்த அணுக்களில் வைரஸை விட்டு, எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று அளந்து, ஆளுக்கொரு புள்ளியாகத் திரையில் வைப்பாள். சர்க்கரை உள்ளவர்கள் சிவப்பு, இல்லாதவர்கள் நீலம்.

சிவப்புக் கூட்டத்தின் நடுவே ஒரே ஒரு நீலப் புள்ளி உட்கார்ந்திருந்தது. யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

தெரிந்தும் என்ன செய்தாள்? 'மாதிரி கெட்டுவிட்டது' என்று எழுதி நீக்கினாள். அந்த வாரம் ஆராய்ச்சியாளர்களின் பெரிய கூட்டத்தில் அந்தப் புள்ளிப் படத்தைக் காட்டவேண்டியிருந்தது. ரத்தம் கொடுத்தவரிடம் முடிவைச் சொல்லக்கூடாது என்றொரு விதியும் இருந்தது. வசதியாக அதன் முதுகில் ஒளிந்துகொண்டாள். "சர்க்கரை பாத்துக்கோண்ணா" என்று ஒரு போன் போட்டிருந்தால் எந்த விதி வந்து கழுத்தைப் பிடித்திருக்கும்? கூட்டத்தில் அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். அவளும் வெட்கமில்லாமல் சிரித்தாள்.

அந்தக் கோடை முடியும்போது அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. அதே பேருந்தின் நடத்துநருக்கும் வந்தது. அவர் கஷாயம் குடித்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டார். அண்ணன் தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தான்.

மருத்துவர் வெளியே வந்தார். "சர்க்கரை ரொம்ப ஏறியிருக்கு. இந்தக் காய்ச்சலால வந்ததா, முன்னாடியே இருந்ததா? அதப் பொறுத்துத்தான் மருந்த மாத்தணும்."

அண்ணி பதறினாள். "அவருக்கா? இவகிட்டயே கேளுங்க டாக்டர். நோயே இல்லாத ஆளு வேணும்னு இவரோட ரத்தத்தத்தான் எடுத்துட்டுப் போனா."

அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. உள்ளே கிடப்பது அண்ணன்.

"முன்னாடியே இருந்திருக்கும் டாக்டர். அவன் ரத்தம் சர்க்கரைக்காரங்க ரத்தம் மாதிரிதான் இருந்துச்சு. நான் பாத்தேன். யார்கிட்டயும் சொல்லல."

மருத்துவர் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு உள்ளே விரைந்தார். அண்ணி கன்னத்தில் ஓங்கி ஒன்று வைப்பாள் என்று அவள் காத்திருந்தாள். வைத்தால் நன்றாயிருக்கும் என்றுகூடத் தோன்றியது.

அண்ணி பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். "கோடை முழுக்கத் தாகம் தாகம்னு தவிச்சாரு. வெயில்ல வண்டி ஓட்டுறாரேன்னு தினமும் பெரிய பாட்டில்ல பழச்சாறு போட்டுக் குடுத்தேன். என் கையாலயே சர்க்கரைய அள்ளி அள்ளிப் போட்டேன். பாவி, நான்தான் அவர இப்படி ஆக்கிட்டேன்."

"இல்ல அண்ணி, நான்தான்... நான் சொல்லியிருந்தா..."

அண்ணி காதில் அது விழவேயில்லை. தன் கையைத் தானே அடித்துக்கொண்டு அழுதாள்.