தோடம்பழத் தோல் மணந்த செத்தவீடு

நமசிவாயத்தை எரித்துவிட்டு வந்த ஆண்கள் கால் கழுவிப் படலைக்குள் நுழைந்தபோது, அவர் முன்விறாந்தைக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். கொக்குவிலில் அந்தக் கிழமை கரண்ட் இரண்டு தரம் நின்றது. வேறு புதினம் இல்லை. பெண்கள் சுடலைக்குப் போகும் வழக்கம் இங்கே கிடையாது. ஆகவே அவர் எரிந்ததற்கு மனைவி பூரணத்திடம் இருந்த சாட்சி ஆண்களின் வாய்ப்பேச்சு மட்டும். அவர் இருப்பதற்குச் சாட்சி அவளுடைய சொந்தக் கண்கள். மகன் கோபிசங்கர் ஈர வேட்டியோடு நின்று, "அம்மா, நான்தானே கொள்ளி வைச்சனான்," என்றான். "ஓம் தம்பி, நீ ஏன் பொய் சொல்லப்போறாய்?" என்றாள் அவள். பிறகு குழம்பிப்போய், கணவருக்கு இன்னுமொரு தேத்தண்ணி ஊற்றப் போனாள்.

எல்லாவற்றுக்கும் தோடம்பழத் தோல்தான் காரணம் என்று ஊர் பிறகு கண்டுபிடித்தது. நோயாளியை வருத்தம் பார்க்கப் போகிறவர்கள் தோடம்பழம் கொண்டுபோவதும், செத்தவீட்டுக்கு வெறுங்கையோடு போவதும் இங்கத்தை முறை. நமசிவாயம் ஈரல் வருத்தத்தில் மாரி முழுக்கப் படுத்திருந்ததால் பழம் பை பையாக வந்து சேர்ந்தது. அவர் இரண்டு சுளைக்கு மேல் தின்னவில்லை. பூரணம் ஒரு தோலைக்கூட எறியவில்லை. சுளகில் காயவைத்துத் தேத்தண்ணியில் போட்டாள். உள்வெள்ளை பட்டால் கசக்கும் என்பதால் மேல்தோலை மட்டும் துருவி ரவைக் கேக்கில் சேர்த்தாள். பூச்சி வராமல் சீலை அலுமாரிக்குள் வைத்தாள், நுளம்புக்குச் சிரட்டைத் தணலில் போட்டுப் புகைத்தாள், வினாகிரியில் ஊறவிட்டுக் குசினி முழுவதும் துடைத்தாள். கை ஓயாவிட்டால் யோசனை வராது என்பது அவள் எண்ணம். கடைசியில் அந்த மணம் சுவருக்குள்ளேயே ஏறிவிட்டது. அதனால் துக்கத்துக்கு வந்த பெண்கள் படலையில் ஒப்பாரியைத் தொடங்கி, வாசலில் மணம் மூக்கில் பட்டதும் அதை மறந்து, "இப்ப எப்பிடி, ஏதும் சாப்பிடுறாரோ?" என்று விசாரித்தார்கள். மறுநாள் வெட்கமில்லாமல் திரும்பவும் தோடம்பழத்தோடு வந்தார்கள். பூரணத்துக்கும் அழுகை வரவில்லை. கண் காய்ந்தே கிடந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை நெருங்கியது. இருக்கிறவருக்கு எப்படிச் செய்வது என்று குருக்கள் தலையைச் சொறிந்துவிட்டு, எதற்கும் சாமான்களை வாங்கி வைக்கச் சொன்னார். கோபிசங்கர் தோல் முழுவதையும் எறியச் சொன்னான். மணம் போனால் மனிசனும் போய்விடுவார் என்று பூரணம் பயந்தாள். மணம் இருக்கும்வரை தன்னால் அழ முடியாது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. சோறு இறங்கவில்லை, கிணற்றடிக்குப் போய்வர மூச்சு வாங்கியது. வருத்தம் பார்க்க வந்தவர்கள் இப்போது அவளைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

ஒரு பின்னேரம் நமசிவாயமே கூப்பிட்டார். "பூரணம், இவன் என்னை எரிச்சனெண்டுறான், நீர் தேத்தண்ணி தாறீர். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. நான் செத்துப்போனனோ?"

"உதை ஏன் இப்ப கதைக்கிறியள்? தேத்தண்ணி ஆறுது."

"ஆறட்டும். உம்மைத்தான் கேக்கிறன்."

அவள் எழும்பிப் போய், தேயிலை ரின்னில் இருந்தது, அலுமாரியில் இருந்தது, கூரையில் காய்ந்தது எல்லாவற்றையும் வாரி வாழையடியில் கிடங்கு கிண்டித் தாட்டாள். யன்னல்களைத் திறந்துவிட்டாள். மணம் படலையால் வெளிக்கிட்டு, ஒழுங்கை வழியே றெயில்பாதைப் பக்கம் போனதை அயலில் பலர் கண்டார்கள். கதிரையைப் பார்க்கத் துணிவில்லாமல் நெடுநேரம் குசினிக்குள் நின்றுவிட்டு அவள் வெளியே வந்தாள். அவர் அதே இடத்தில் இருந்தார்.

"ஓமப்பா," என்றாள், "செத்துப்போனியள்." அதோடு அழுகை வந்தது. தலையிலும் நெஞ்சிலும் அடித்து, நிலத்தில் இருந்து, வாய்விட்டு அழுதாள். நமசிவாயம் கதிரையை விட்டு இறங்கி, பக்கத்தில் இருந்து அவளுடைய முதுகைத் தடவினார். "அழும், நல்லாய் அழும். நல்ல மனிசன், என்ன செய்யிறது," என்றார்.

சத்தம் கேட்டு அயலட்டை ஓடிவந்தது. ஆண்கள் சால்வையைத் தோளில் இருந்து எடுத்தார்கள், பெண்கள் படலையிலேயே தலைமயிரை அவிழ்த்தார்கள். நமசிவாயம் எழுந்து போய் வாசலில் நின்று, முறைப்படி ஒவ்வொருவருடைய கையையும் பிடித்தார். அவர்கள் அவருக்கும் ஆறுதல் சொன்னார்கள்.

"உள்ளுக்குப் போங்கோ," என்றார் அவர். "அவ தனிச்சுப்போனா."