நிறஞ்சலாவின் கண்ணாடி

"நான் எடுக்கேல்லை எண்டு எத்தினை தரம்—"

"எடுத்தனீங்கள், மச்சாள். முகம் துடைக்கக் கண்ணாடியைக் கழட்டிப் பந்தல்ல வைச்சனான். நீங்களும் நானுந்தானே நிண்டது."

"ஓ, இனி நான் கள்ளியுமாக்கும்!"

"கள்ளி எண்டு நான் சொல்லேல்லை, நீங்கள்தான்—"

"வாயை மூடடி!"

கீரிக் கடற்கரையில், பந்தல்களில் கருவாடு காயப்போட்ட பெண்கள், குனிந்த தலை நிமிராமல் காதை மட்டும் இந்தப் பக்கம் நீட்டினார்கள்.

பிரான்சிஸ்காவின் சட்டைக்குள் அந்தக் கண்ணாடி நெஞ்சைக் குத்திக்கொண்டிருந்தது. பெரிய வெள்ளிக்கிழமைகளில் ஆண்டவரின் பாடுகளைச் சொல்லி அழும் வியாகுலப் பிரசங்கத்தை இருபத்திரண்டு வருசம் கோயிலில் வாசித்தவள் அவள். அவள் குரலை இழுத்தால் ஆம்பிளைகளும் மூக்கைச் சிந்துவார்கள். போன வருசம் எழுத்துகள் எறும்பாய் ஊர்ந்ததில் இரண்டு வரியை விழுங்கிவிட்டாள். டாக்டரிடம் கண்ணைக் காட்டச் சொன்ன கோயில் மூப்பரிடம், "எனக்கென்ன குருடோ?" என்று சீறினாள். இந்த வருசம் அவர் பிரசங்கப் புத்தகத்தைத் தூக்கி அவளுடைய தம்பி பெண்சாதி நிறஞ்சலாவிடம் கொடுத்துவிட்டார்.

நிறஞ்சலாவிடம் அப்படி என்ன இருக்கிறது? குரலா? அது வள்ளத்து மோட்டர் இருமுகிற குரல். கண்ணாடிதான் இருக்கிறது. அது தன் மூக்கில் ஏறினால் புத்தகமும் தன் கைக்கு வந்துவிடும் என்று பிரான்சிஸ்கா முடிவுகட்டிவிட்டாள். சற்று முன் வள்ளத்து மறைவில் போட்டு, செபப் புத்தகத்தை விரித்தும் பார்த்தாள். எழுத்துகள் இன்னும் சிறுத்துக் கடுகாகிவிட்டன. பழகவேண்டுமாக்கும் என்று நினைத்தாள்.

கோபத்தில் ஒரு மீனைப் புரட்டக் குனிந்தாள். கண்ணாடி மணலில் விழுந்தது.

பந்தலில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள்.

"இந்தச் சனியனாலை ஒரு எழுத்தும் தெரியேல்லையடி!" வாய் தவறிப் பிரான்சிஸ்கா கத்திவிட்டாள்.

நிறஞ்சலா கண்ணாடியை எடுத்து வெயிலில் பிடித்தாள். மணலில் நிழல்தான் விழுந்தது. நடுவில் ஒரு வெளிச்சப் பொட்டும் இல்லை.

"மாமான்ர வாசிக்கிற கண்ணாடியை இப்பிடிப் பிடிச்சாச் சுருட்டுப் பத்தும். இது பத்தாது. இது தூரத்தைப் பாக்கிறதுக்கு, மச்சாள். வாசிக்கேக்க நான் கழட்டிப்போட்டுத்தான் வாசிக்கிறனான்."

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் அவள் கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றி வைத்ததைப் பிரான்சிஸ்கா கண்டவள்தான். எடுப்புக் காட்டுகிறாள் என்று நினைத்துப் பல்லைக் கடித்தவள். அப்படியென்றால் வெறுங்கண்ணாலேயே வாசிக்கிறாள். பறிக்க ஒன்றுமே இல்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

"பிறகேன் அந்தக் கண்ணாடியை எங்க போனாலும் கொண்டு திரியிறாய்? பெரிய வெள்ளிக்கிழமையும் எல்லாருக்கும் முன்னாலை கழட்டிக் காட்டவோ?"

நிறஞ்சலா கண்ணாடி வில்லைகளைச் சட்டை விளிம்பால் துடைத்தாள்.

"ஓம், கழட்டத்தான் போறன். கழட்டினா எழுத்து மட்டுந்தான் தெரியும். கோயில்ல பின் வாங்கில குந்தியிருக்கிற உங்கட முகம் தெரியாது. அந்த முகத்தைப் பாத்துக்கொண்டு நான் எப்பிடி மச்சாள் வாசிக்கிறது?"