உம் கொட்டுகிறவள்

விரிப்பின் ஒரு மூலையை இவளும் மறு மூலையை எதிரே நிற்பவளும் பிடித்து, ஒரு உதறு உதறி, ஓரம் நேராக இருக்கிறதா என்று பார்த்துச் சூடான உருளைக்குள் விட வேண்டும். ஒரு கை முந்தினாலும் துணி கோணிக்கொள்ளும். சலவைக்கூடத்தில் ஒன்பது வருடமாக இதே வேலை என்பதால் அவளுக்குக் கை தானாகப் போய்க்கொண்டிருந்தது. கண் மட்டும் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. அன்று செவ்வாய்க்கிழமை.

"இன்னிக்கும் அரை நாளா?" என்றபடி சூப்பர்வைசர் வந்து நின்றார்.

"செவ்வாய்க்கிழமைன்னா அரை நாள்தானே சார். பொண்ணுக்குப் பேச்சுப் பயிற்சி."

"எட்டு மாசமாப் போறீங்க. அப்படி என்னதான் பேசுது?"

"பேசும் சார்" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த விரிப்பை எடுத்தாள். அவர் நகர்ந்ததும் எதிரே நின்றவள், "இவரு பேசுற பேச்சுக்கு இவரத்தான் முதல்ல அங்க கூட்டிட்டுப் போகணும்" என்றாள். இயந்திர இரைச்சலில் அது அவர் காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் அவள் கவலைப்பட்டிருக்க மாட்டாள்.

நாத்தனார் வீட்டில் விட்டிருந்த பெண்ணைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, நெஞ்சுப் பட்டையை மாட்டி, பேருந்தில் ஏற்றி இறக்கிப் பேச்சுப் பயிற்சி மையத்துக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். ஏழு வயதுப் பெண். பிறந்தபோது மூச்சு திணறியதில் கைகால் விறைத்துவிட்டது, கழுத்து நிற்காது, வாய் சொன்னபடி கேட்காது. கண் மட்டும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தக் கண்ணாலேயே வீட்டை ஆட்டி வைப்பதால் அவளுக்கு 'மேனேஜர்' என்று பெயர் வைத்தது பெயின்டர் வேலைக்குப் போகும் அவளுடைய அப்பா. "வெளிய போனா அங்க ஒரு மேனேஜர், வீட்டுக்கு வந்தா இங்க ஒரு மேனேஜர். எங்க போய்த் தப்பிக்கிறது?" என்று கேட்டுவிட்டு, அவரே விழுந்து விழுந்து சிரிப்பார்.

அன்று பேருந்தில் அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தின நாள் சாயங்காலம் பார்த்தது மனதை அரித்துக்கொண்டிருந்தது.

மையத்தில் சேர்ந்த புதிதில் பேச்சு டீச்சர் ஒரு கட்டளை போட்டிருந்தாள். டீச்சர் சின்ன வயதுக்காரி. ஒரு நாளைக்குப் பதினோரு குழந்தைகளைப் பார்க்கிறவள், ஒப்பந்த வேலை. "அக்கா, அவ 'ம்'னு சொன்னதும் நீங்களே புரிஞ்சுக்கிட்டு எடுத்துக் குடுத்துடுறீங்க. அப்புறம் அவ எதுக்குப் பேசணும்? 'ம்' சொன்னா காதுல விழாத மாதிரி இருங்க. வார்த்தை வந்தாத்தான் குடுக்கணும்" என்று சொல்லியிருந்தாள். அதற்கு ஒரு காரணமும் இருந்தது. ஒன்பதாம் மாதம் மேலிடத்திலிருந்து ஒருவர் மதிப்பீட்டுக்கு வருவார். குழந்தை ஐந்து வார்த்தையாவது சொன்னால் செவ்வாய்க்கிழமை இடம் தொடரும். இல்லாவிட்டால் வீட்டுப் பயிற்சி என்று ஒரு தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டு, வரிசையில் நிற்கும் அடுத்த குழந்தைக்கு இடத்தைக் கொடுத்துவிடுவார்கள்.

அம்மாக்காரி டீச்சர் சொன்னதைத் தட்டவில்லை. பெண் டம்ளரைப் பார்த்து 'ம்' என்றபோதெல்லாம் கல்லாக நின்றாள். "தண்ணின்னு சொல்லு, த... த..." என்று காத்திருந்தாள். பெண் முக்கி முக்கிப் பார்த்து, கழுத்து விறைத்து, கடைசியில் அழும். இரண்டு மாதத்தில் அம்மாவிடம் 'ம்' சொல்வதையே விட்டுவிட்டது.

முந்தின நாள் அவள் வேலை முடிந்து வந்தபோது அப்பா வாசல் குழாயடியில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மேனேஜர். அன்று சுண்ணாம்படித்த வீட்டின் கதை நடந்துகொண்டிருந்தது.

"அந்த வீட்டம்மா வந்தாங்களா..."

"ம்."

"செவுத்தத் தொடாதீங்கம்மா, ஈரம்னு சொன்னேனா..."

"ம்."

"அவங்களும் சரின்னு தொடாமலே போயிட்டாங்க."

"ம்ஹும்!" பெண்ணின் தோள் குலுங்கியது. சிரிப்பு.

"கண்டுபுடிச்சிட்டியா! அஞ்சு விரலையும் அப்படியே பதிச்சிட்டுத்தான் போனாங்க."

"டீச்சர் சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கா இல்லையா?" என்று அவள் பின்னாலிருந்து கேட்டாள்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "இருக்கு. அதான் நீ இல்லாதப்ப சொல்றேன்." பிரஷ்ஷை உதறினார். "கதை கேக்கிறவ உம் கொட்டலன்னா, கதை எப்படிம்மா நகரும்?"

 அவள் உள்ளே போய்ப் பையை ஆணியில் மாட்டினாள்.

மையத்தில் டீச்சரிடம் அதை அப்படியே சொன்னாள். புருஷனைக் காட்டிக்கொடுக்கிறோம் என்று கூச்சமாக இருந்தது. டீச்சர் திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். டீச்சரோ கையிலிருந்த படங்களைக் கீழே வைத்துவிட்டாள்.

"ம்ஹும் கூடவா சொல்றா? சரியான எடத்துலயா?"

"ஆமா டீச்சர். அவர் வேணும்னே தப்பாச் சொன்னா புடிச்சிடுறா."

டீச்சர் நாற்காலியை இழுத்துக்கொண்டு பெண்ணின் எதிரே உட்கார்ந்தாள். "மேனேஜர், உங்க அப்பா கதை சொல்றாராமே?"

பெண் முதலில் அம்மாவைப் பார்த்தது. அனுமதி கேட்கிற பார்வை.  "சொல்லுடா தங்கம்" என்றாள் அம்மா.

"ம்."

"உங்க அப்பா டாக்டரா?"

"ம்ஹும்."

"பெயின்டரா?"

"ம்."

அரை மணி நேரம் இப்படியே போனது. பசிக்கிறதா, தூக்கம் வருகிறதா, இந்தப் படமா, அந்தப் படமா. இடையில் டீச்சர் விளையாட்டாக, "எங்கயாவது வலிக்குதா?" என்றாள். "ம்" என்றது. தலையா, வயிறா, கையா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்டு, இடது காலில் கை வைத்ததும் "ம்" பலமாக வந்தது. அம்மா காலணியைக் கழற்றினாள். கணுக்காலைத் தாங்கும் பட்டையின் ஓரம் மடங்கியிருந்த இடத்தில் தோல் கன்றிக் கறுத்திருந்தது. பழைய காயம். அதன்மேல் புதுக் காயம்.

"காலணி மாட்டும்போதெல்லாம் அழுவா டீச்சர். வெளிய கெளம்பப் புடிக்காம அழுறான்னு நெனச்சேன்." அவள் பட்டையின் மடிப்பை விரலால் நிமிர்த்தினாள். "கேட்டிருந்தா சொல்லியிருப்பா. பிள்ளையோட வாய நானே அடச்சிட்டேனே."

"நீங்க இல்லக்கா. நான்" என்றாள் டீச்சர். மேசைக்கடியில் குனிந்து பஞ்சு தேடினாள்.

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமைகளில் அந்த அறையே மாறிவிட்டது. எந்தச் சட்டை, எந்தப் பாட்டு, யார் பக்கத்தில் உட்காருவது என்று எல்லாவற்றுக்கும் மேனேஜரிடம் உத்தரவு வாங்க வேண்டியிருந்தது. டீச்சர் எழுத்துகளை வரிசையாகப் பலகையில் ஒட்டி, விரலை ஒவ்வொன்றாக நகர்த்தினாள். எந்த எழுத்து வேண்டுமோ அங்கே 'ம்'. முதல் எழுத்தைப் பிடிக்கவே இரண்டு வாரம் ஆனது. 'அ'. அது அம்மாவா அப்பாவா என்று வீட்டில் ஒரு வாரம் சண்டை நடந்தது. அடுத்த எழுத்துக்கு இன்னும் வாரங்கள் வேண்டும் என்றாள் டீச்சர். அந்த வாரங்கள் கிடைக்க வேண்டும் என்பதைத் தவிர அம்மாவுக்கு அப்போது வேறு ஆசை இல்லை.

ஒன்பதாம் மாதம் மதிப்பீட்டு அதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசும் அம்மாள். வந்ததும் பெண்ணின் கன்னத்தைத் தட்டி, "அழகா சடை போட்டிருக்கியே" என்றார். உட்காரும்போதே கைபேசி அடித்தது. கையைக் காட்டி மன்னிப்புக் கேட்டுவிட்டுக் காதில் வைத்தார். "ம்... ம்... ம்ஹும்... ம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பிறகு பட அட்டைகளை எடுத்தார். பந்து. "இது என்ன, சொல்லு பாப்பா?" பெண் வாயைத் திறந்தது. தாடை ஒரு பக்கமாகப் போய் நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது. எச்சில்தான் வந்தது. அம்மா கைக்குட்டையால் துடைத்தாள். கிண்ணம். பூனை. கதவு. ஒவ்வொரு அட்டைக்கும் அதிகாரி பத்து நொடி பொறுமையாகக் காத்திருந்தார். அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை.

"மேடம், ஒரு நிமிஷம்" என்றாள் டீச்சர். "அக்கா, ஏதாவது ஒரு கதை சொல்லுங்க."

அம்மாவுக்குக் கதை தெரியாது. கதை சொல்கிறவர் எங்கேயோ சாரத்தின் மேல் நின்றுகொண்டிருந்தார். அவள் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, தெரிந்ததைச் சொன்னாள்.

"காலைல துணி வண்டி வந்துச்சா..."

"ம்."

"நூத்தி இருபது விரிப்பு எறங்குச்சு."

"ம்."

"எல்லாமே பச்சைக் கலரு."

"ம்ஹும்."

"வெள்ளைதான், வெள்ளைதான். அப்புறம் எங்க சூப்பர்வைசர் வந்தாரு. கால் வலிக்கும், உக்காந்து செய்ங்கன்னு எல்லாருக்கும் நாற்காலி போட்டுக் குடுத்தாரு."

"ம்ஹும்!" நாற்காலியே ஆடும்படி பெண் சிரித்தது. அதிகாரியும் சிரித்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"எவ்வளவு நல்லாப் புரிஞ்சுக்கிறா! ஆனா இதுல வார்த்தைன்னுல்ல கேட்டிருக்கு" என்று படிவத்தைத் திருப்பிக் காட்டினார்.

"'ம்'மும் வார்த்தைதான் மேடம்" என்றாள் டீச்சர். "நீங்க இப்போ போன்ல பேசினது முழுக்க அதுதான். அந்தப் பக்கம் இருந்தவங்களுக்குப் புரிஞ்சுதுல்ல?"

 ஒப்பந்த வேலைக்காரி கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டாள் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அதிகாரி கோபப்படவில்லை.

"எனக்குப் புரியுதும்மா. படிவத்துக்குப் புரியணுமே. கீழ குறிப்புல கண்டிப்பா எழுதிடறேன்."

எழுதவும் செய்தார். அம்மா எட்டிப் பார்த்தாள். வார்த்தைகளின் எண்ணிக்கை என்ற கட்டத்தில் ஒரு பூஜ்யம். கீழே, மணிமணியான எழுத்தில், 'நன்றாக உம் கொட்டுகிறாள்.'

அடுத்த செவ்வாய்க்கிழமை அம்மா வழக்கம்போல அரை நாள் சொல்லிவிட்டுப் பெண்ணை அழைத்து வந்தாள். அறைக் கதவு சாத்தியிருந்தது. வெளியே பெஞ்சில் ஒரு பெண் ஒரு பையனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டீச்சர் கதவைத் திறந்து வந்து, ஒரு உறையை நீட்டினாள். அவள் முகத்தைப் பார்த்தபோதே விஷயம் தெரிந்துவிட்டது.

"மறுபடி பாக்கச் சொல்லி ரெண்டு தடவ எழுதினேன்க்கா. குறிப்பெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏறாதாம். எண்ணிக்கை மட்டும்தான் ஏறுமாம்." குனிந்து மேனேஜரின் இடது காலணிப் பட்டையைத் தொட்டுப் பார்த்தாள். "இப்ப வலிக்குதா?"

"ம்ஹும்."

டீச்சர் தலையசைத்துவிட்டு உள்ளே போனாள். அன்றைக்கு அவள் பார்க்க வேண்டிய மற்ற பத்துக் குழந்தைகளும் வரிசையில் இருந்தார்கள்.

அடுத்த பேருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது. அம்மா பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பக்கத்திலிருந்தவள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"நாங்க இன்னிக்குத்தான் புதுசு. பதினாலு மாசம் காத்திருந்தோம்" என்று அவள் சந்தோஷத்தை மறைக்க முடியாமல் சொன்னாள். "இங்க நல்லாச் சொல்லித் தர்றாங்களா?"

"ரொம்ப நல்லா" என்றாள் அம்மா. மனதாரத்தான் சொன்னாள். "பையன் 'ம்'னு சொன்னா விட்டுடாதீங்க. பிடிச்சுக்கோங்க."

பிறகு உறையைப் பிரித்தாள். மேனேஜரின் கண் தாளிலேயே இருந்தது. பெண்ணிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லை. எழுத்துக்கூட்டி, சத்தமாகவே படித்தாள்.

"தங்கள் மகள் ஒன்பது மாதங்கள் பயிற்சிக்கு வந்துள்ளார்."

"ம்."

"ஒவ்வொரு வாரமும் தவறாமல் கலந்துகொண்டார்."

"ம்."

"இருப்பினும், தங்கள் மகள் இதுவரை பேசத் தொடங்கவில்லை."

"ம்ஹும்."

அம்மா நிறுத்தினாள். வரியைத் தவறாகப் படித்துவிட்டோமோ என்று விரல் வைத்து மறுபடி படித்தாள். இந்த முறை பெண் முழுவதும் படித்து முடிக்கக்கூட விடவில்லை. முன்னைவிடச் சத்தமாக, பட்டைக்குள் உடம்பு முறுக்கிக்கொள்ள, 'ம்ஹும்' என்றது.

"பாப்பா என்னமோ சொல்லுதே, என்னங்க?" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

"தப்பா எழுதியிருக்குங்கிறா" என்றாள் அம்மா.

கதவு திறந்து, அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.