மாடிக்கு இன்னும் மூன்று படி

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. கலை, தேடல் என்று நான் ஏதாவது அளந்தால் நம்பாதீர்கள். போன வாரம் என் மகள் எங்கள் வீட்டிலிருந்து பேத்தியோடு மாமனார் வீட்டுக்குத் திரும்பினாள். நானும் மனைவியும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தோம். மாமனார், அதாவது என் சம்பந்தி, முழங்கால் அறுவை ஆனவர். மாடிக்குப் போக அவருக்குப் படியோரத் தண்டவாளத்தில் ஏறும் மின்நாற்காலிதான் கதி. அது நின்றுபோயிற்று. பேத்தியோ மாடியில். கீழே தூக்கிவந்தால் படி இறங்கும் ஆட்டத்திலேயே தூங்கிவிடுவாள். மனிதர் அவள் சிரித்து ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. நான் தினமும் நூறு தடவை பார்க்கிறேன். (சரி, ஆறு.) பார்த்துவிட்டு, கீழே வந்து அவரிடம் விலாவாரியாக வர்ணிப்பேன்.

2

தொடக்கம், முதல் வரைவு: "மரணத்தின் நிழல் அந்த நாற்காலியின் மேல்..."

வேண்டாம். டிவி ரிப்பேர் செய்து ஓய்வு பெற்றவனுக்கு இது ஓவர்.

இரண்டாம் வரைவு:

"பத்தே நிமிஷம், சம்பந்தி!"

"நேத்தும் அதைத்தான் சொன்னீங்க."

"அது வேற பத்து நிமிஷம்."

"கம்பெனி ஆளைக் கூப்பிட்டுடலாமே?"

"நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போதா?"

"அதான் பார்க்கறேனே, குத்துக்கல்லாட்டமேதான் இருக்கீங்க."

இதுவே இருக்கட்டும். ஜெயித்தவர் அவர் என்பதுதான் உறுத்தல்.

3

நாற்காலியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சர்க்யூட் போர்டு. நடுவில் மைக்ரோகன்ட்ரோலர், நாற்காலியின் மூளை. மின்சாரம் வருகிறது, ஃப்யூஸ் நன்றாக இருக்கிறது, மூளை மட்டும் மௌனவிரதம். பக்கத்தில் கிரிஸ்டல் என்றொரு குட்டித் தகர டப்பி. அது துடித்தால்தான் மூளை விழிக்கும். அதன் காலில் விரலை வைத்தேன்.* நாற்காலி உறுமியது. எடுத்தேன், அடங்கியது. மறுபடி வைத்தேன், அண்டசராசரமும் அதிர [மனைவி இதை அடித்துவிட்டாள்] உறுமியது.

கிரிஸ்டலுக்குத் துணையான கெப்பாசிட்டரை போர்டோடு ஒட்டியிருந்த ஈயப் பற்று விரிசல் விட்டிருந்தது. அது செய்யவேண்டிய வேலையை என் உடம்பு செய்துகொண்டிருந்தது! ஒரு சொட்டு ஈயம் வைத்தால் தீர்ந்தது. சால்டரிங் அயர்னைச் செருகினேன்.

மேலிருந்து என் மகள் தன் மாமனாருக்குக் கத்தினாள்: "மாமா, பாப்பா முழிச்சிட்டா! சிரிக்கிறா!"

"அயர்ன் சூடாகணும்மா," என்றேன்.

"அதுவரைக்கும் இவ சிரிச்சிட்டே இருப்பாளாப்பா?"

நான் திரும்புவதற்குள் சம்பந்தி நாற்காலியில் உட்கார்ந்து பெல்ட்டும் மாட்டியாகிவிட்டது.

"விரலை வைங்க, சம்பந்தி."

* பேட்டரி மின்சாரம்தான். இருந்தாலும் நீங்கள் செய்து பார்க்காதீர்கள். கதை எழுதும் அளவுக்குப் போய்விடும்.

5

(நான்காம் பகுதியில் என் சர்வீஸ் பெருமைகள் இருந்தன. "இது கதையா, பயோடேட்டாவா?" என்றாள் மனைவி. நீக்கப்பட்டது.)

அவர் மகாராஜா போல ஏறுகிறார். நான் கூன் போட்டு, போர்டில் விரல் வைத்தபடி, பக்கத்தில் ஒவ்வொரு படியாக. சாமரம் வீசாததுதான் குறை. பாதி வழியில் விரலைச் சும்மா எடுத்துப் பார்த்தேன். நின்றது.

"என்னாச்சு?"

"மூக்கு அரிச்சுது."

"வேணும்னே செய்றீங்க."

(கதைக்கு ஒரு திருப்பம் வேண்டாமா?)

அவர் குரல் தணிந்தது. "ஒரே ஒரு தடவை அவ சிரிச்சுப் பார்த்துடறேன் சம்பந்தி. அப்புறம் நாள் முழுக்க அரிச்சுக்குங்க."

விரலை வைத்தேன்.

6

இன்னும் மூன்று படி. உச்சியில் மகள், இடுப்பில் பாப்பா. எங்களைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டுகிறாள். யாரிடம்? எழுதமாட்டேன். விரலை எடுத்தால் அவர் இங்கேயே நிற்பார். நான் ஒரே தாவலில் (சரி, மூன்று மூச்சில்) ஏறி அவளை வாங்கிக்கொள்வேன். எடுக்காவிட்டால் அந்தச் சிரிப்பு முழுக்க அவர் மடிக்கு.

ஒரு முடிவில் என்னைப் பெருந்தன்மையாக எழுதினேன், மனைவி நம்பவில்லை. இன்னொன்றில் என்னை உள்ளபடியே எழுதினேன், கிழித்துப் போட்டாள்.

ஆகவே, வாசகரே, உங்கள் பாடு. விரல் இன்னும் கிரிஸ்டலில்தான் இருக்கிறது. சம்பந்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பார்க்கிறார். யோசித்தெல்லாம் சொல்ல நேரமில்லை, பாப்பா கொட்டாவி விடுகிறாள்.